அப்பாவோடு போன ஆர்.சி. புக்

ஆட்டோவுக்கு எஃப்.சி. காட்ட வேண்டிய சமயத்தில் அப்பா இறந்துபோனார். கரையான்சாவடி ஸ்டாண்டில், வரிசையில் நின்ற வண்டியின் ஹேண்டில்பார் மேல் தலையைச் சாய்த்தபடி இறந்தார். பின்னால் மாங்காடு போகிற பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் தூங்குகிறார் என்று நினைத்து, ஆள் சேரட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார்களாம். இதை என்னிடம் சொன்னவர்கள் எல்லாரும் அது ஏதோ நல்ல சாவு என்பதுபோலச் சொன்னார்கள். ஆள் சேரக் காத்துக்கொண்டே செத்துப்போவதில் என்ன நல்லது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் ஷேர் ஆட்டோவை இனி நான்தான் ஓட்டப்போகிறேன் என்று அடக்கம் முடிந்த மறுநாளே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஓட்டக் கற்றுக்கொடுத்தது அப்பா. லைசென்ஸ் எடுத்துக் கொடுத்ததும் அப்பா. பொம்பளைப் பிள்ளை ஷேர் ஆட்டோ ஓட்டுவதா என்று கேட்டவர்களிடம், அப்போ நீங்க வந்து ஓட்டிக் குடுங்க என்றேன். யாரும் வரவில்லை.

வண்டி ஓட வேண்டுமானால் எஃப்.சி. வேண்டும். வண்டி நல்ல நிலையில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் பார்த்துக் கொடுக்கிற சான்று அது. அது இல்லாமல் ஆள் ஏற்றினால் வண்டியைப் பிடித்துக்கொண்டு போய் நிறுத்திவிடுவார்கள். எஃப்.சி. வேண்டுமானால் ஆர்.சி. புக் வேண்டும். அதை அம்மா பேருக்கு மாற்றவும் வேண்டும். அப்பாவின் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் அம்மா அலைந்து வாங்கிவிட்டாள். வீட்டில் இல்லாதது ஆர்.சி. புக் மட்டும்தான்.

அப்பா அதை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். மற்ற டிரைவர்கள் வண்டியில் ஜெராக்ஸ் வைத்துக்கொண்டு ஒரிஜினலை வீட்டில் வைப்பார்கள். அப்பாவும் முதலில் அப்படித்தான் இருந்தார். ஒருமுறை பூந்தமல்லி பைபாஸில் மடக்கிய ஒரு போலீஸ்காரர் அந்த ஜெராக்ஸைக் கசக்கி அவர் முகத்திலேயே எறிந்திருக்கிறார். வண்டி நிறைய ஆள் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து அதைப் பொறுக்கி நீவிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து ஒரிஜினல்தான். பிளாஸ்டிக் கவர் போட்டு, பையில் வைத்து, மேல் பட்டனை மாட்டிக்கொண்டுதான் செருப்பையே போடுவார். சாப்பிடும்போது சட்டையைக் கழற்றினால் கவரை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். அம்மா அதைப் பார்த்துச் சிரிப்பாள். கறி போடட்டுமா அதுக்கும் என்பாள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்கள் சொந்தக்காரர்களுக்கு அப்பா என்றாலே எல்லாவற்றையும் தொலைத்தவர். பெரியப்பாவுக்கு அதுதான் தினப்பாட்டு. பாடி பக்கம் பார்த்த கம்பெனி வேலையைத் தொலைத்தான், ஆத்தா கொடுத்த இடத்தைத் தொலைத்தான், கட்டியவளின் நகையைத் தொலைத்தான் என்று அடுக்குவார். கம்பெனியைத்தான் மூடினார்கள், அப்பா ஒன்றும் பூட்டுப் போடவில்லை. இடம் அம்மாவின் ஆபரேஷனுக்குப் போனது. நகையை விற்றுத்தான் ஆட்டோவுக்கு முன்பணம் கட்டினார்கள். இது எல்லாம் பெரியப்பாவுக்கும் தெரியும். இருந்தும், சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால், ஃபாதர் வரக் காத்திருந்த நேரத்தில், பக்கத்து ஆளிடம் அதே பாட்டைப் பாடினார்.

“எல்லாத்தையும் தொலைச்சிட்டு இன்னிக்கு ஹாயா படுத்துனு கீறான் பாரு.”

எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்கும். செத்தவீட்டில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வாக்கியம் மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை.

வீட்டில் ஆர்.சி. புக்கைத் தேடு தேடென்று தேடினோம். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் அப்பாவின் செருப்பு, வாட்ச், செல்போன் எல்லாம் இருந்தன. பெட்டிக்கு அடியில், பரணில், மாதா படத்துக்குப் பின்னால், ஆட்டோவின் சீட்டைக் கழற்றி அதற்குக் கீழே, எங்கேயும் இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் டேபிள் போட்டு உட்கார்ந்திருக்கும் புரோக்கர், இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்றார். தொலைந்துபோனதாக ஸ்டேஷனில் ஒரு கம்ப்ளைண்ட் கொடு, கிடைக்கவில்லை என்று அவர்கள் சர்டிபிகேட் கொடுப்பார்கள், அதை வைத்து டூப்ளிகேட் வாங்கிக்கொள்ளலாம் என்றார். இன்னும் கொஞ்சம் தேடிப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

ஒரு மாதம் ஆனதும் கோயிலில் அப்பாவுக்குப் பூசை வைத்து வீட்டில் சாப்பாடு போட்டோம். ஸ்டாண்டிலிருந்து எல்லாரும் வந்தார்கள். வரிசையில் அப்பா வண்டிக்குப் பின்னால் எப்போதும் வண்டி போடுகிறவர் ஒருவர் உண்டு. நான் மாமா என்று கூப்பிடுவேன். அப்பாவுக்குக் கடைசியாகக் காக்கிச் சட்டை போட்டுவிட்டது அவர்தான். அடக்கத்தன்று பெரியப்பா வெள்ளை வேட்டி சட்டை வாங்கி வந்திருந்தார். அண்ணாத்தே காக்கியில்தான் போகணும் என்று ஸ்டாண்டுக்காரர்கள் பிடிவாதம் பிடித்து, பெண்களை எல்லாம் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு, இஸ்திரி போட்ட புதுக் காக்கியைப் போட்டுவிட்டார்கள். ஸ்டாண்டில் யார் இறந்தாலும் அப்படித்தான் செய்வார்களாம். அன்றைக்கு அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவ வந்த மாமாவிடம், புக் கிடைக்கவில்லை, நீங்கள் எங்கேயாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

“இன்னா பாப்பா கேக்குற? புக்கு அண்ணாத்தே பாக்கெட்லதான கீது.”

எந்தப் பாக்கெட் என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

“ஆஸ்பத்திரில அவர் சட்டைய வெட்டி எடுக்கசொல்ல புக்க நான் வாங்கி வெச்சேன். புதுச் சட்டை போட்டதும் அதே பாக்கெட்ல வெச்சு பட்டன் போட்டு உட்டேன். பேனா, சீப்புகூட வெச்சேன். அது இல்லாம அவரு என்னிக்கு வெளிய போனாரு சொல்லு?” பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். “மேல போற வழில எவனும் மடக்கிக் கேட்டுடக்கூடாதுன்னு நாங்கதான் பேசிக்கினோம்.”

பக்கத்தில் நின்றவர் ஆமாம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமாவுக்கும் அழுகை வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அன்பாகத்தான் செய்திருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் உயிரோடு இருப்பவர்களுக்கு அந்தத் தாள் வேண்டியிருக்கும் என்று அந்த அறைக்குள் இருந்த ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லையே. அத்தனை பேரும் ஆட்டோ ஓட்டுகிறவர்கள்தானே. ஆர்.சி. இல்லாமல் வண்டி என்ன கதியாகும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

மறுநாள் நான் மட்டும் ஸ்டேஷனுக்குப் போனேன். புகார் எழுதி வாங்குகிற ரைட்டர் மேசையில் இருந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். உண்மையைச் சொன்னால் வேலை நடக்கும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் கடைசிவரைக்கும் கேட்டார். நடுவில் ஒருதரம்கூட நிறுத்தவில்லை. பிறகு பேனாவை மூடினார்.

“எம்மா, இன்ன எடத்துல கீதுன்னு நீயே சொல்ற. அப்புறம் கெடைக்கலன்னு நான் எப்பிடி சர்டிபிகேட் குடுப்பேன்?”

எடுக்க முடியாது சார் என்றேன்.

“எடுக்கலாம். தாசில்தார் வரணும், டாக்டர் வரணும், நாங்க வரணும். ஆர்.சி. புக்குக்காகப் பொணத்தத் தோண்டுன மொத ஸ்டேஷன்னு நம்ம பேரு பேப்பர்ல வரும்.”

பின்னால் இருந்த போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, உங்கப்பா வண்டி ஓட்டும்போது எங்கேயோ விழுந்துவிட்டது என்று எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். இல்லை, நீ சொல்கிற கதைதான் என்றால், பெட்டியில் வைத்தவனைக் கூட்டிக்கொண்டு வா, அவன் வாக்குமூலம் கொடுக்கட்டும், பெரிய அதிகாரியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு ஒரு தாள் வேண்டும். எனக்கும் ஒரு தாள்தான் வேண்டும்.

மாமாவைத் தேடி நேராக ஸ்டாண்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. சுற்றி நின்ற மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். யாரோ மாங்காடு மாங்காடு என்று கத்த ஆரம்பித்தார்.

“பாப்பா, நான் வந்து நின்னா என் வண்டி பேப்பரக் கேப்பான். எனக்கே எஃப்.சி. முடிஞ்சு கெடக்குது. சும்மா போற ஓணான...”

“காக்கி போட்டு அனுப்ப மட்டும் அத்தினி பேரு வந்தீங்களே மாமா.”

அவர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே நின்றார். நான் கிளம்பி வந்துவிட்டேன். டிரைவர் ஜாதி எதற்கும் பயப்படாது, எதிரே லாரி வந்தாலும் ஒதுங்காது, ஸ்டேஷன் படியை மட்டும் மிதிக்காது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவரும் அப்படித்தான் இருந்திருப்பார். அது தெரிந்தும் அன்றைக்கு எனக்கு அந்த ஸ்டாண்டைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. அப்பா தொலைத்துவிட்டார் என்று எழுத வேண்டும். புரோக்கர் அதற்குத் தயாராக ஒரு மாதிரித் தாளே வைத்திருந்தார். இந்த வண்டியின் உரிமையாளரான என் தந்தை தனது கவனக்குறைவினால், என்று அது ஆரம்பித்தது. பெயர் எழுத மட்டும் இடம் விட்டிருந்தார்கள். நான் அந்த முதல் வரியைத் தாண்டிப் படிக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கவனக்குறைவாம். தட்டுக்குப் பக்கத்தில் கவரை வைத்துச் சாப்பிட்ட மனுஷன். வாழ்நாள் முழுக்கத் தொலைத்தான் தொலைத்தான் என்று கேட்டவர், இந்த ஒன்றைத்தான் யாரும் குறை சொல்ல முடியாதபடி காப்பாற்றி வைத்திருந்தார். அதையும் தொலைத்தார் என்று மகள் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, கவர்மெண்டு ஃபைலில் வைக்க வேண்டுமாம். பெரியப்பா வாயால் சொன்னதை நான் எழுத்தில் கொடுக்க வேண்டும். முடியாது என்று முடிவு செய்தேன்.

எஃப்.சி. தேதி முடிந்தது. ஆட்டோவைத் தெருவோரம் தார்ப்பாய் போட்டு மூடினோம். மழை வந்தது. தார்ப்பாய்மேல் தேங்கிய தண்ணீரைக் காலையில் எழுந்ததும் கம்பால் தூக்கிக் கொட்டுவதுதான் என் வேலையாக இருந்தது. எஸ்டேட் வேலையை ஏற்கெனவே விட்டிருந்தேன். அம்மா பூந்தமல்லியில் ஒரு டாக்டர் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போக ஆரம்பித்தாள். ஆபரேஷன் ஆன உடம்பு. குனிந்து நிமிர்ந்து வேலை செய்துவிட்டு, சாயங்காலம் வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்துவிடுவாள். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஒருநாள் பேசினாள்.

ஏன் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை என்று கேட்டாள். எனக்கு மனசு வரவில்லை என்றேன்.

“எழுதுறதுக்கு இன்னாடி மனசு? பேனா போதாதா?”

“அப்பா தொலைச்சாருன்னு என் கையால எழுத மாட்டேன்மா.”

“அவரு வந்து படிக்கப் போறாரா?”

“பெரிப்பா படிப்பாரு.”

“அந்தாளு பேப்பர் படிக்கிறதுக்கா நான் பாத்திரம் தேச்சிகினு கீறேன்?”

நான் விடவில்லை. வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினேன். உனக்கு அப்பா மேல் அக்கறை இல்லை, செத்தபோதே நீ பெரியப்பாவைக் கேட்டிருக்க வேண்டும், அப்போதும் வாயை மூடிக்கொண்டு இருந்தாய் என்றேன். அம்மா எழுந்து போய் உலை வைத்தாள். அரிசி களைந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல், நாளைக்குக் காலையில் ஸ்டேஷனுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ, நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். களைந்த அரிசியை உலையில் போட்டாள்.

அதே ரைட்டர்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். தாசில்தாரைக் கூட்டி வந்தாயா என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. அம்மா மேசைக்கு முன்னால் போய் நின்றாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, உட்காரவில்லை.

“புக்க நான்தான் சார் தொலைச்சேன்.”

ரைட்டர் நிமிர்ந்தார்.

“அவரு போனதுக்கு அப்புறம் பழைய துணி எல்லாம் வாரி குப்பை வண்டில போட்டேன். சட்டைப் பாக்கெட்டப் பாக்கல. அத்தோட பூட்ச்சி.”

“உம் பொண்ணு வேற கதை சொல்லிச்சே.”

“அது சின்னப் புள்ள சார். அழுதுகினே வந்து எத்தையோ சொல்லியிருக்கும். ஊட்ல நடந்தது எனக்குத்தான் தெரியும்.”

அம்மா இதைச் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். மாதா மேல் சத்தியம் பண்ணு என்று விளையாட்டுக்குச் சொன்னாலே கோபித்துக்கொள்கிறவள். ரைட்டர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. தாளை எடுத்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பொய் என்று தெரிந்ததாலோ என்னவோ, ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட ஆரம்பித்தார்.

“புருஷன் சட்டைய வீசுறதுக்கு முன்னாடி பாக்கெட்ட ஒரு வாட்டி தடவிப் பாக்கத் தெரியாது? அவன் ரோட்ல வெயில்ல நின்னு சம்பாரிச்சு வெச்சது, நீ குப்பைல போட்டுட்டு வந்து நிக்கிற. இதான் நீ குடும்பம் நடத்துற லட்சணமா?”

அம்மா தலையாட்டினாள். ஆமா சார் என்றாள். தப்புதான் சார் என்றாள். வெளியே நின்றிருந்த ஒருவன் எட்டிப் பார்த்தான். சின்ன வயசு பெண் போலீஸ் ஒருத்தி சங்கடப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ரைட்டர் எழுதி முடித்து, என்ன எழுதினார் என்று வாசித்துக் காட்டினார். அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர், வண்டி நம்பர், தன்னுடைய கவனக்குறைவினால். அம்மா பெயரெழுதும் அளவுக்குத்தான் படித்தவள். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் நான் அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள். தெருவைத் தாண்டி டீக்கடை ஓரம் வந்த பிறகுதான் பேசினாள்.

“உங்கப்பன் பேரு கெடல இல்ல? போ. போயி வண்டியக் கழுவு.”

அதில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. டீ வாங்கித் தரட்டுமா என்றேன். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பஸ் ஏறிவிட்டாள்.

சர்டிபிகேட் வந்ததும் புரோக்கர் மற்ற தாள்களை எல்லாம் சேர்த்துக் கட்டினார். அம்மா நேரில் வர வேண்டும் என்றார். டாக்டர் வீட்டில் ஒருநாள் லீவு கேட்டு வந்தாள். ஆர்.டி.ஓ. ஆபீசில் உட்கார இடமில்லாத கூட்டம். லைசென்ஸுக்கு வந்த பையன்கள், வண்டி விற்க வந்தவர்கள், டிராவல்ஸ்காரர்கள். நாங்கள் ஜன்னல் ஓரமாக ஒரு பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா இஸ்திரி போட்ட புடவை கட்டியிருந்தாள். அப்பா இறந்த பிறகு அவள் அப்படிக் கட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ரொம்ப நேரம் கழித்து கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எங்கள் தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

“ஆர்.சி. தொலைச்சது யாரு?”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. நான் எழுந்திருக்கப் போனேன். அம்மா என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நான்தாம்மா என்று சொல்லிக்கொண்டே கூட்டத்தை விலக்கிப் போனாள்.